அது அடுப்பில் சுட்ட கை அல்ல

அன்புள்ள நைனாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்ததும் வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். உன் கல்யாணத்தன்று நான் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், பெண்கள் பக்கத்தில் பின்னால் எங்காவது உட்கார வேண்டும், திருவிருந்துக்கு எழுந்து வரக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். என் விரல்களைப் பற்றி அரக்கோணத்துச் சம்பந்தி வீட்டில் யாராவது விசாரித்தால் ஸ்டவ் வெடித்துச் சுட்டுக்கொண்டது என்று சொல்ல வேண்டுமாம், ஏனென்றால் நீ கட்டிக்கொள்ளப்போகிற எஸ்தரிடம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். ‘ஒரே ஒரு நாள்தானேம்மா’ என்று முடித்திருந்தாய்.

என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன், முதல் பெஞ்சில் உட்காருவேன், கை என் மடிமேல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். சபைப் போதகர் ஐயர் அழைத்ததும் எழுந்து போய், அப்பமும் ரசமும் வாங்க முழங்கால் போடுவேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கடிதத்தைக் கசக்கி எறிவதற்கு முன்னால் கடைசி வரைக்கும் படி. எனக்கு வந்த நோயைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதி. மீதியை உன்னிடமிருந்து மறைத்தவள் நான்தான்.

உனக்கு நாலு வயது, உன் தங்கைக்கு ஏழு மாதம். நெசவாளர் தெருவில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் தறிச் சத்தம், நடுவில் என் மெஷின் சத்தம். அப்பா பஜாரில் இருந்த அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். திருத்தணி மலைக்கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கையால்தான் உருவாகும். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சரோஜாக்காவின் மகளுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். நீ மெஷினுக்கு அடியில் நூல்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாய். திடீரென்று, “அம்மா, ரத்தம்! ரத்தம்!” என்று கத்தினாய். குனிந்து பார்த்தால் பாவாடைத் துணி முழுக்கச் சிவப்பு. ஊசி என் இடது சுட்டுவிரலில் இறங்கி, நகத்தைத் துளைத்து, துணியோடு சேர்த்து இரண்டு தையல் போட்டிருந்தது. நான் காலால் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நைனா. ஒரு எறும்பு கடித்த வலிகூட இல்லை.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். அதற்கு இரண்டு வருடம் முன்பே முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. கிள்ளினால் உறைக்காது. நீளக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். மலையடிவாரத்தில், படிக்கட்டு ஓரமாக, விரல் குறைந்தவர்கள் தகர டப்பாவோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைக் கடந்து போகும்போதெல்லாம் என் கை தானாக முந்தானைக்குள் போகும். அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து கூடாரம் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்தினார். அவரிடம் மட்டும் தனியாகக் காட்டினேன். எண்ணெய் தடவி ஜெபித்துவிட்டு, “டாக்டர்கிட்ட போனீன்னா கர்த்தரை நம்பலன்னு அர்த்தம்மா” என்றார். அவர்மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவர் கொடுத்தார், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்து இரண்டு வருடம் வளர்த்தேன். அந்த இரண்டு வருடத்தில்தான் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின.

ஊசி ஏறிய மறுநாள் அப்பா என்னை ரயிலில் காட்பாடிக்கு அழைத்துப் போய், அங்கிருந்து பஸ்ஸில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இறகாலும் குண்டூசியாலும் கை முழுக்கத் தொட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா நல்லவர். ஒளிக்காமல் சொன்னார். “பெருவியாதிதான்மா. மாத்திரை இருக்கு, சுகமாயிடும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா விரல் மடங்கியிருக்காது.” ஆபரேஷன் செய்ய வேண்டும், தங்க வேண்டும் என்றார். கைக்குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி மூட்டை கட்டும்போது நான் அப்பாவிடம் சத்தியம் கேட்டேன். கூடூரில் என் அக்காவுக்குப் பிரசவம், உதவிக்குப் போயிருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். சபைக்கும் அதேதான், சரோஜாக்காவுக்கும் அதேதான். அவர் யோசித்தார். நான் அவர் கையைப் பிடித்து அதில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

ரயில் ஏறப் புறப்பட்டபோது நீ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். உன்னைத் தூக்கவில்லை. தொட்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, உன்னைக் காலால் தள்ளினேன். நீ மண்ணில் உட்கார்ந்து அழுதாய். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று இருபது வருடமாகக் கேட்க நினைத்துக் கேட்டதில்லை. இல்லையென்றால் நல்லது. இருந்தால், காரணத்தை இன்றைக்குத் தெரிந்துகொள்.

உன் தங்கையைச் சரோஜாக்காதான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் அப்போது கைக்குழந்தை. தன் பிள்ளைக்குக் கொடுத்த பாலில் பாதியை நம் பிள்ளைக்குக் கொடுத்தாள். தறியில் அவள் கணவர் உட்கார்ந்திருக்க, இவள் இரண்டு குழந்தைகளை இரண்டு தூளியில் போட்டு ஆட்டுவாளாம். எட்டு மாதம் அப்படியே போனது; அக்காவுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்று அப்பா ஊரில் பொய்யை நீட்டிக்கொண்டே போனார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார், பாப்பா உட்காருகிறது, தவழுகிறது, ‘தாத்தா’ சொல்லுகிறது என்று சொல்வார். சித்திரை மாதத்தில் ஒரு முறை வாரத்தின் நடுவில், வியாழக்கிழமை வந்து நின்றார். அவர் வார நாளில் வந்ததே இல்லை.

“பாப்பா போயிடுச்சிம்மே,” என்றார். “வயித்தாலே போச்சி. ரெண்டே நாளு. நேத்து சாயங்காலம் எடுத்துட்டோம்.”

“நேத்தா? ஏன் எனக்குச் சொல்லி அனுப்பல?” என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எப்டி சொல்லி அனுப்புவேன்? தந்தி குடுக்கணும்னா எந்த ஊருன்னு எழுதணும். போஸ்டாபீஸ்ல இருக்கிறவன் நம்ம தெருக்காரன். நீ கூடூர்ல கீறேன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். சரோஜா கேட்டுகினே இருந்துச்சி, தாயி வராம எப்டிண்ணா எடுக்கிறதுன்னு. நான் இன்னா சொல்றது? நீதானே சத்தியம் வாங்கினே.”

அவர் சொன்னதில் குற்றம் இல்லை, கோபமும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. குழந்தையை நோய் கொண்டுபோனது. அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் செய்தது நோய் அல்ல, நான் சொல்லவைத்த பொய். இதைத்தான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. தங்கை செத்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று மட்டும் உனக்குத் தெரியும். வர முடியாமல் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். வந்திருக்க முடியும் நைனா. ஒரு ரயில், ஒரு பஸ், அவ்வளவுதான் தூரம்.

அதற்குப் பிறகு நான் ஜெபத்தை விட்டேன். வார்டில் சாயங்காலம் பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள். அந்த நேரம் நான் எழுந்து வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொள்வேன். என் பக்கத்துக் கட்டிலில் ராஜம்மா என்று ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், என் வயதுதான். நிலபுலன் உள்ள குடும்பம். அவள் ஒரு நாள் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே என் பின்னால் வந்தாள்.

“உன் புருஷன் மாசாமாசம் வர்றாரு. எங்க வீட்ல இன்னா பண்ணாங்க தெரியுமா? நான் செத்துட்டேன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. கருமாதிகூட ஆயிடுச்சாம். தம்பிக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம், அதுக்கு” என்றாள். அழாமல் சொன்னாள். அப்புறம், “உங்க சாமிகிட்ட சண்டைன்னா சண்டையாவது போடு. இப்டி பேசாம குந்திகினு இருக்காதே” என்று சொல்லிவிட்டு, கட்டு நனையாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சண்டைதான் போட்டேன். ஏன் என் பிள்ளையை எடுத்தாய் என்று கேட்டேன். நாள்கணக்காக அதையே கேட்டேன். கர்த்தர் கனவில் வந்தார், காதோடு பேசினார் என்றெல்லாம் உனக்கு எழுத மாட்டேன். வரவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடையாது. யாராவது உன்னிடம் வந்து எல்லாம் அவர் சித்தம், பெரிய நன்மைக்குத்தான் என்று சுலபமாகச் சொன்னால், அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடு. ஆனால் கேட்டுக்கேட்டு ஓய்ந்த ஒரு நாள், நான் யாரோடு சண்டை போடுகிறேன் என்று யோசித்தேன். இல்லாத ஒருவரோடு யாரும் இத்தனை நாள் சண்டை போட மாட்டார்கள். என் அழுகையைக் கேட்டுக்கொண்டு அவர் எழுந்து போகாமல் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே தினமும் ஒரு வேலை கொடுப்பார்கள். காலையில் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகத் திருப்பிக் கண்ணால் பார்க்க வேண்டும். வலி தெரியாத விரலில் காயம் பட்டால் கண்தான் சொல்ல வேண்டும். ராஜம்மாவுக்கு உள்ளங்காலைத் தானே பார்க்க வராது, நான் பார்த்துச் சொல்வேன், கழுவி விடுவேன். என் ஜெபம் அந்த வேலையோடு சேர்ந்துதான் திரும்பி வந்தது. மனசில் எதுவும் தோன்றாத நாளிலும் உட்கார்ந்து ஜெபித்தேன். தோன்றினால்தான் ஜெபிப்பேன் என்றிருந்தால் நான் அந்தக் கிணற்றடியிலேயே இருந்திருப்பேன். உனக்கும் அப்படிப்பட்ட நாட்கள் வரும். அப்போது அழுகையோ ஆறுதலோ வரவில்லையே என்று பார்க்காதே, அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்.

மூன்று வருடம் கழித்து, இனி யாருக்கும் தொற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் முதலில் சரோஜாக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாப்பாவைக் குளிப்பாட்டி எடுக்கிறப்போ நீ அங்க கீறேன்னு தெரிஞ்சிருந்தா, நான் வேன் வெச்சாவது உன்னைத் தூக்கிகினு வந்திருப்பேனே, பாவி” என்று அழுதாள். அந்த ஞாயிறு சபையில் ஆராதனை முடியும் முன் நானே எழுந்து நின்று சொன்னேன். கூடூருக்குப் போகவில்லை, இந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன், இன்ன நோய், இப்போது சுகம். நம் சபையில் முப்பது குடும்பம் இருக்கும். அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் திருவிருந்து. எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கிற முறை என்பது உனக்குத் தெரியும். நான் எழுந்ததும் பாதிப் பேர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு சபைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “உங்களுக்கு மட்டும் தனியா ஒரு டம்ளர் வெச்சிடலாமுங்க” என்றார். வேண்டாம் என்றேன். “கடைசியா வர்றேன். ஆனா அதே கிண்ணத்துலதான் குடிப்பேன்.” அப்பா தறிகெட்டுக் கோபப்படுகிற ஆள் இல்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் செய்தார். அடுத்த முறை நான் கடைசியாகப் போனபோது, எனக்குப் பின்னால் வந்து முழங்கால் போட்டார். நான் குடித்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். மீந்ததை ஐயர் குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை, அவரும் குடித்தார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நாங்கள் மூன்று பேர்தான். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வரிசை கலைந்தது. சிலர் இன்றைக்கும் எனக்கு முன்னாலேயே முந்திப் போய்விடுகிறார்கள். போகட்டும். நான் ஒரு மாதம்கூட விட்டதில்லை.

இப்போது உன்னைப் பற்றி. உனக்குப் பத்து வயதில் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டை கிழிந்து வந்தாய். விழுந்துவிட்டேன் என்றாய். ‘உங்க அம்மா இன்னா படிக்கட்டுல குந்தலையா?’ என்று பையன்கள் கேட்டதையும் நீ அடித்ததையும் சரோஜாக்கா எனக்குச் சொன்னாள். நான் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன், ஒன்றும் பேசவில்லை. பதினாலு வயதில் திடப்படுத்தல் முடிந்து நீ முதல்முதலாகத் திருவிருந்துக்குப் போன நாளில், எல்லாருக்கும் முந்தி, முதல் ஆளாகப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பினாய். என் பக்கம் பார்க்காமல் போனாய். நான் பார்த்தேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த நோய் இப்படி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பேசியிருக்க வேண்டும். உனக்கு வலிக்குமே என்று விட்டுவிட்டேன். ஸ்டவ் வெடித்த கதையை நீ இப்போது கண்டுபிடித்தாய் என்று நான் நினைக்கவில்லை. கூடூர்க் கதையைச் சொன்னவளின் மகன் நீ.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஒரு நாள்தானே, போவட்டும் விடேன். புள்ள வாழ்க்கை” என்றார். “பாப்பா விஷயமும் ஒரு நாள்தான்” என்றேன். அவர் எழுந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “எந்த வண்டிக்குப் போறோம்?” என்று கேட்டார்.

நேற்று, புதன்கிழமை, அரக்கோணம் போனோம். ஆம், எஸ்தர் வீட்டுக்குத்தான். உன்னைக் கேட்காமல் போனேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நான் அப்போதும் போயிருப்பேன். எஸ்தரின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, மரியாதையாக வரவேற்று நாற்காலி போட்டார். எஸ்தர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. கையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இது அடுப்புல சுட்டது இல்லீங்க. எனக்குப் பெருவியாதி வந்து சுகமானது. பதினெட்டு வருஷம் ஆவுது. யாருக்கும் ஒட்டாது, என் புள்ளைக்கும் இல்ல. காயிதம் கொண்டாந்திருக்கேன்.”

எஸ்தரின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். “உங்க பையன் ஏன் அப்டி சொன்னாரு?” என்றார்.

“பயந்துகினு சொன்னான். அந்தப் பயம் என்கிட்ட கத்துகினது.”

“சபையில கல்யாண அறிவிப்பு ஓலை ரெண்டு தடவை வாசிச்சாச்சி. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. அதை நிறுத்தி வெக்கச் சொல்லிடறேன் ஐயர்கிட்ட” என்று எழுந்தார். அப்போது எஸ்தர், “இருங்கப்பா” என்றாள். என்னைப் பார்த்து, “நோய்க்கு நான் பயப்படலீங்க அத்தை. எங்க ஸ்கூலுக்கு டாக்டருங்க வந்து சொல்லிக் குடுத்திருக்காங்க. பெத்த அம்மாவைப் பத்தியே என்கிட்ட பொய் சொன்னாரே, அதுதான் யோசனையா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்போம்பா. அவரே வந்து என்கிட்ட நேர்ல சொல்லட்டும். அப்புறம் ஓலை வாசிக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வெளியே வந்து தெருமுனைவரை நடந்திருப்போம். பின்னால் செருப்புச் சத்தம். எஸ்தரின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். மூச்சு வாங்க நின்று, என் கையையே பார்த்துக்கொண்டு, “வலிக்குமாங்க?” என்று கேட்டார்.

“வலிக்காதுங்க. வலிக்காததுதான் இந்த நோயே” என்றேன். அவர் தலையை ஆட்டினார். தொடவில்லை, ஆனால் கேட்பதற்காக வெயிலில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

ஆகவே நடந்தது இதுதான். உன் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நீ நினைக்கலாம். கெட்டால், அதன் பாரம் என்மேல் இருக்கட்டும், சுமப்பேன். இதைவிடக் கனமானதைச் சுமந்திருக்கிறேன். ஆனால் உன் மனைவி ஒரு நாள் என் விரலைப் பார்த்து, இது சுட்ட தழும்பு மாதிரி இல்லையே என்று தனியாக யோசிக்கத் தொடங்குகிற ஒரு வீட்டை உனக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வேலை போனாலும், எங்களில் ஒருவர் செத்தாலும், நீங்கள் இரண்டு பேரும் முழங்கால் போடும்போது நடுவில் மறைக்க ஒன்றும் இருக்கக் கூடாது. மறைத்துக்கொண்டு ஜெபிப்பது எப்படி இருக்கும் என்று நான் இரண்டு வருடம் பார்த்தவள்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை உனக்கு அரை நாள் வேலை. மதியம் வண்டி ஏறு. திருத்தணிக்கு டிக்கெட் எடுக்காதே, அரக்கோணத்தில் இறங்கு. முதலில் என்னிடம் சண்டை போட வராதே, அதற்கு நேரம் இருக்கிறது. நேராக அவர்கள் வீட்டுக்குப் போ. ஏன் பொய் சொன்னீர்கள் என்று எஸ்தர் கேட்பாள். அப்போது நோயைப் பற்றிப் பேசாதே, என்னைப் பற்றியும் பேசாதே. ‘பயந்துவிட்டேன்’ என்று சொல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு மூன்று வருடமும் ஒரு குழந்தையும் போய்விட்டது. உனக்கு ஒரு ரயில் பயணம்தான்.

புறப்படு.

உன் அம்மா